மேடைக்குக் கூப்பிட்ட பெயர்கள்

ஆடி 2, வியாழன்

உ

அதைத்தான் சொல்ல வந்தேன், பிள்ளையாரே, இடையில் விளக்குத் திரியைத் தூண்டிவிட எழும்பிப் போய்விட்டேன். பிழை முழுவதும் என் தம்பி நடேசலிங்கத்தின் பேரில்தான். நீர் சண்டிலிப்பாய்க் குளக்கரையில் இருந்துகொண்டு மதவாச்சிவரை பார்த்திருப்பீரோ என்னவோ, அதனால் முழுவதையும் சொல்கிறேன்.

தம்பியின் மகள் கயல்விழிக்கும் லஹிருவுக்கும் ஆனி மாதக் கடைசியில் நிச்சயம் பண்ணினோம். பெடியன் சிங்களவன், பொறியியலாளன், தங்கமான பிள்ளை. மதவாச்சியில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் பெயர் சொல்லி முன்னுக்கு அழைத்து வெற்றிலை கொடுப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பக்கத்துப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தம்பியிடம் கொடுத்திருந்தார்கள். அவனுக்கு அதைப் பார்த்ததும் மூச்சு வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு பெயரிலும் முன்பாதியை வெட்டிவிட்டு வாலை மட்டும் வாசித்தான். மாப்பிள்ளையின் தாய் பிசோ மெனிக்கே. அவரை "மேனகை அம்மா" என்று கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள்.

அவர்கள் மட்டும் திறமோ? அவர்கள் பக்கத்து மைக்காரர் கயல்விழியை "மிஸ் நடேசலிங்கம்" என்று கூப்பிட்டார். தம்பி திடுக்கிட்டு எழும்பி மேடைக்குப் போய்விட்டான். தகப்பன் பெயரை நாங்கள் முன்னுக்கு வைத்துக்கொள்வது ஒரு அடையாளத்துக்கு. அதையே பிள்ளையின் பெயராக்கினால் என்ன செய்வது?

ஆனால் பிசோ மெனிக்கே சிரிக்கவில்லை. வெற்றிலையை வாங்கினார், உள்ளே போனார். போகும்போது சிங்களத்தில் ஏதோ சொன்னார். லஹிரு சொல்லமாட்டேன் என்று நின்றான். கயல்விழி விடவில்லை. "எங்கடை வீட்டை வாசல்லை விட்டிட்டு என்னை மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டாங்கள்" என்றாராம். கல்யாணத்துக்கு வருவாராம். கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போவாராம். மேடைக்கு வரமாட்டாராம்.

பெற்ற தாய் அறுகரிசி போடாத கல்யாணம் ஒரு கல்யாணமா? மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஏறி அறுகம்புல்லும் அரிசியும் தலையில் போட்டு வாழ்த்தினால்தானே பிள்ளைகள் தழைக்கும்? கயல்விழி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று என்னிடம் வந்தாள்.

"மாமி, கல்யாணத்திலை அவையின்ரை பேரை எங்கடை பக்கம் ஒராள் கூப்பிடோணும். எங்கடை பேரை அவையின்ரை ஆள் கூப்பிடோணும். முழுப் பேரும், ஒண்டும் வெட்டாமல். நீங்கள்தான் கூப்பிடுறீங்கள்."

"எட்டாம் வகுப்புப் படிச்ச என்னையோ?"

"கோயில் மைக்கிலை தேவாரம் பாடி ஊரையே எழுப்பிற ஆள் நீங்கள்தானே."

பெயர்களை எழுதிப் பழக என்று இந்தக் கொப்பியையும் தந்தாள். பெயர்கள் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மீதி உமக்கு.

ஆடி 5, ஞாயிறு

மாப்பிள்ளையின் தாய்மாமன் இன்று மதவாச்சியிலிருந்து ரயிலில் வந்தார், எனக்குச் சொல்லித்தர. எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றைத் தலைப்பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இளவயதில் கொடிகாமத்திலும் சுன்னாகத்திலும் வேலை பார்த்தவர், அதனால் எங்கள் தமிழ் வாயில் இருக்கிறது. மனைவி காலமாகிக் கன வருஷம். இதெல்லாம் தம்பியின் பெண்சாதி, என் மச்சாள் கேட்டறிந்தது, நான் கேட்கவில்லை.

வாசலில் நின்று கேட்டார், "மங்கையர்க்கரசி எண்டது ஆர்?"

பிள்ளையாரே, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிட்ட காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை முழுவதாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் நான் மங்கை. தபால்காரனுக்கும் மங்கை அக்கா.

"மங்கை எண்டே கூப்பிடுங்கோ, ஐயா."

"அதெப்பிடி? முழு ரயிலும் வந்து நிக்குது. இஞ்சினைப் பாத்திட்டு மிச்சப் பெட்டியளைத் திருப்பி அனுப்பிறதே?"

பிறகு ஒன்றொன்றாக உச்சரித்தார். மங்கையர்க்கு. அரசி. ஒரு பெட்டியும் தடம் புரளவில்லை.

அவருடைய பெயர் ஹேரத் முதியன்சேலாகே ஜயதிலக. பிசோ மெனிக்கேக்கு அண்ணன், ஆகவே முன்பாதி இருவருக்கும் ஒன்றுதான். "கே" என்றால் வீடு. ஹேரத் முதியன்சே என்ற முன்னோரின் வீட்டுப் பிள்ளை என்று அர்த்தம்.

"நீங்க அப்பாவை ஒரு எழுத்தாக்கி முன்னுக்கு நிப்பாட்டிறீங்க. நாங்க வீட்டையே தூக்கிக்கொண்டு திரியிறம். உங்கட தம்பி வீட்டை இறக்கி வைச்சிட்டு என்ர தங்கச்சியை மட்டும் கூப்பிட்டார். அவவுக்கு அவமானமாப் போச்சு. அப்பா, பாட்டன் எல்லாரும் வெளிய நிண்ட மாதிரி."

நான் என்றால் அன்றைக்கே வெற்றிலையை வேண்டாம் என்றிருப்பேன்.

ஜயதிலக. ஜயதிலக. ஜயதிலக. எழுதிப் பழகுகிறேன்.

ஆடி 7, செவ்வாய்

தூளுக்கு மிளகாய் வறுத்தோம். மச்சாள் தும்ம, நான் வறுத்தபடி ரத்நாயக்க முதியன்சேலாகே டிங்கிரி பண்டா, ரத்நாயக்க முதியன்சேலாகே டிங்கிரி பண்டா. அவர் மாப்பிள்ளையின் தகப்பன். வாய் திறக்காத மனிதர், பெயர் மட்டும் பறைமேளம்போல. மச்சாள் சொல்கிறா, மிளகாயும் சிங்களத்தில்தான் மணக்கிறதாம்.

ஆடி 12, ஞாயிறு

இரண்டாம் பாடம். என் நாக்குக்கு ஒரு கெட்ட பழக்கம், பிள்ளையாரே. எந்தப் பெயரானாலும் வால் ஒட்டாமல் விடாது. லஹிருவை லஹிருவன் என்கிறேன். ஜயதிலக என்ற பெயரைத் திலகம் என்று முடிக்கிறேன்.

"என்ர பேருக்கு இன்னொரு பெட்டி கொழுவாதீங்க," என்றார். "அங்கயே பிளாட்பாரம் முடிஞ்சுது."

பிசோவில் வரும் "ப" பழத்தின் "ப" இல்லையாம், பஸ்ஸின் "ப"வாம். எங்கள் எழுத்து ஒன்று, ஓசை இரண்டு. பஸ், பஸ், பிசோ, பிசோ என்று சொல்லிக்கொண்டே தேத்தண்ணீர் ஊற்றினேன். சீனிக்குப் பதில் உப்புப் போட்டிருக்கிறேன். ஜயதிலக ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் குடித்துவிட்டு, தேத்தண்ணீர் நல்லாயிருக்கு என்றார். பிறகு மச்சாள் குடித்தபோதுதான் தெரிந்தது.

பிசோ என்றால் அரசியாம். மங்கையர்க்கரசியும் அரசி. ஒரு சம்பந்தத்தில் இரண்டு அரசிகள், என்றார். அதைத் தங்கச்சிக்கும் போய்ச் சொல்லும்படி கேட்டேன்.

பிறகு ஒரு கதை. குசினிக்குள்ளிருந்து மச்சாள் தம்பியை "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டா. ஜயதிலக சிரிக்கத் தொடங்கினவர் நிறுத்தவில்லை. கொடிகாமத்துக்கு முதன்முதல் வேலைக்குப் போனபோது அவருக்கு அவ்வளவாகத் தமிழ் தெரியாதாம். யாழ்தேவி வந்து நின்றதும் பிளாட்பாரம் முழுக்கப் பெண்கள் "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" என்று கூப்பிட, ஆம்பிளைகள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

"இந்த ஊர் ஆம்பிளையள் முழுப் பேருக்கும் ஒரே பேர் எண்டு நினைச்சன். ஒருநாள் ஆரோ ஒரு ஆம்பிளை பயணப்பெட்டியைத் தவறவிட்டுட்டுப் போயிட்டார். 'திருவாளர் இஞ்சாருங்கோ அவர்கள் உடனே வரவும்' எண்டு மைக்கில சொல்லிப் போட்டன். பத்துப் பன்ரண்டு பேர் வந்து நிண்டினம்."

தம்பி கதிரையிலிருந்து வழுக்கி விழப் பார்த்தான். மச்சாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட்டா. கட்டின நாளிலிருந்து அவ தம்பியின் பெயரைச் சொன்னதில்லை, இஞ்சாருங்கோ மட்டும்தான். போன வருஷம் வவுனியா ஆசுபத்திரியில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தா, நான்தான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த சிங்களப் பிள்ளை, பாவம் இந்த அம்மாவுக்குப் புருஷன் பெயரே மறந்துபோச்சு என்று பதறிவிட்டது. புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை. கல்யாணம் கட்டாமலே இருந்துவிட்ட எனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. யார் பெயரையும் உரத்துச் சொல்லலாம். அதுதான் கயல்விழி என்னைப் பிடித்தாள் போல.

"எங்கட ஊர்லயும் அப்பிடித்தான்," என்றார் ஜயதிலக. "அம்மா அப்பாவைப் பேர் சொல்லமாட்டா. அப்பாவும் அம்மாவைச் சொல்லமாட்டார். ரெண்டு பேரும் 'அப்பே எக்கெனா' எண்டுதான். எங்கட ஆள் எண்டு அர்த்தம்."

அப்பே எக்கெனா. அதையும் எழுதி வைத்தேன். ஒரு பாடம்தானே.

ஆடி 16, வியாழன்

இன்று வியாழன்தான். ஞாயிறு இல்லை.

ஆடி 17, வெள்ளி

கோயிலில் ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார். ஹேரத் முதியன்சேலாகே ஜயதிலக, உத்திரட்டாதி என்றேன். ஐயர் கற்பூரத் தட்டோடு என்னைப் பார்த்தார். அர்ச்சனை மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும்தான் செய்ய நினைத்தேன், பிள்ளையாரே. கடையில் மிஞ்சியிருந்தது ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஒரு பெயர். நட்சத்திரம் தெரிந்தவர் ஒருவர்தானே. அது எப்படித் தெரியும் என்று நீர் கேட்கக்கூடாது, போன ஞாயிறு கதையோடு கதையாகக் கேட்டு வைத்தேன்.

ஆடி 19, ஞாயிறு

வரவில்லை. முழங்காலில் வீக்கமாம், லஹிரு போனில் சொன்னான். எனக்கு அதனால் ஒன்றுமில்லை. வடைக்கு உளுந்து அரைத்தது வீணாகக்கூடாதே என்றுதான் கவலை. பாயாசம் அடிப்பிடித்தது. அது அடுப்பின் குற்றம்.

ஆடி 22, புதன்

கோடாலித் தைலம் ஒரு போத்தல் வாங்கி லஹிருவிடம் கொடுத்துவிட்டேன். அவருக்கு என்று சொன்னேன்.

"ஆருக்கு, மச்சாள்?" என்றா மச்சாள்.

"அவருக்குத்தான்."

"எந்த அவருக்கு?"

"முழங்கால் வீங்கினவருக்கு."

மச்சாள் வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தா. "பேரை நல்லாப் பழகினீங்கள் எண்டு நினைச்சன்," என்றா. வெங்காயம் உரிக்கிறவளுக்குக் கண்ணீர் வருவது வழக்கம், இவவுக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தக் கொப்பியில் மை வீணாகிறது. நீளமான பெயர்களை இனிச் சுருக்கி எழுதப் போகிறேன். அதனால்தான்.

ஆடி 26, ஞாயிறு

வந்தார். ஊன்றுகோலோடு வந்தார், ஆனாலும் வந்தார். தைல வாசனை. வடை எட்டுச் சாப்பிட்டார்.

ஒத்திகை பார்த்தோம். அவர் எங்கள் பக்கத்துப் பெயர்களைச் சொன்னார். கயல்விழியின் "ழி"யை அவர் சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே வெட்கப்பட வேண்டும். சுன்னாகம் சந்தையில் வாழைப்பழம் கேட்டுக் கேட்டுப் பழகினதாம். நானும் அவர்கள் பக்கத்தை மளமளவென்று சொன்னேன். டிங்கிரி பண்டாவில் முழங்கினேன். பிசோ மெனிக்கேயில் அவர் கண்ணை மூடிக் கேட்டார். கடைசிப் பெயர் அவருடையது, தாய்மாமன் கடைசியில்தான் ஏறுவார்.

"அடுத்தது நீங்கள்," என்றேன்.

"அதென்ன பேர்?"

"தொண்டை கட்டியிருக்கு. அண்டைக்குச் சொல்லுவன்."

"முதல் பாடத்தில நல்லா வந்துதே."

"அப்ப தொண்டை நல்லாயிருந்தது."

தங்கச்சி என்ன சொல்கிறா என்று கேட்டேன். இன்னும் கடைசி வரிசைதானாம். இரண்டு அரசி என்ற கதையைச் சொன்னபோது மட்டும் பாக்கு வெட்டிய கை நின்றதாம்.

ஆவணி 6, வியாழன்

பலகாரச் சூடு முடிந்தது. சீப்புப் பணியாரம், பயற்றம் பணியாரம், அவர்களுக்கென்று கொக்கிஸ். மண்டபக்காரன் இரண்டு மைக்கும் தருவதாகச் சொல்லிவிட்டான்.

பிள்ளையாரே, நேர்த்தி வைக்கிறேன். பிசோ மெனிக்கே எழும்பி மேடைக்கு வந்தால் உமக்கு நூற்றெட்டு மோதகம். என் நாக்குத் தடுமாறாமல் எல்லாப் பெயரும் வந்தால் இன்னொரு நூற்றெட்டு. எல்லாப் பெயரும் என்று எழுதியிருக்கிறேன், கவனியும். ஒரு பெயர் கொஞ்ச நாளாக வாய்க்குள் வந்து, பல்லுக்குப் பின்னால் நின்று, திரும்பிப் போய்விடுகிறது. சாமி அறையில் தனியே நின்று சொல்லிப் பார்த்தேன். உம்முடைய படத்துக்கு முன்னாலேயே வரவில்லை. அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டுமே என்று ஒரு பயம். ஊரில் இருக்கிற எல்லோருக்கும் நீண்ட ஆயுள் வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை, உமக்குத் தெரியும்.

ஆவணி 10, திங்கள்

உ

நேற்றுக் கல்யாணம். வீடு முழுக்க ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள், நான் குசினிப் படியில் இருந்து எழுதுகிறேன். எங்கிருந்து தொடங்க?

காலையில் அவர்கள் முறைப்படி பொருவை மேடையில் சடங்கு. பிறகு எங்கள் மணவறை. தாலி ஏறிற்று. இவ்வளவுக்கும் பிசோ மெனிக்கே மண்டபக் கதவுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு இருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல. கயல்விழி கழுத்தில் புதுத் தாலியோடு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுகரிசி தொடங்கியது. மேடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். எங்களில் ஒருவர், அவர்களில் ஒருவர் என்று மாறி மாறி. அவர் தம்பியைக் கூப்பிட்டார், நடேசலிங்கம் என்று, மகளை வேறு தகப்பனை வேறு ஆக்கி. நான் டிங்கிரி பண்டாவைக் கூப்பிட்டேன். அந்த அமைதியான மனிதர் தன் பெயரைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினார். மச்சாள் ஏறினா. பிறகு என் முறை.

பஸ்ஸின் "ப" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தேவாரம் எடுப்பதுபோல மூச்சை இழுத்தேன்.

"ஹேரத் முதியன்சேலாகே பிசோ மெனிக்கே."

அவர்கள் பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. அவர் எழும்பினார். எழும்பினவர் உடனே நடக்கவில்லை. வீட்டில் உள்ள முன்னோர்கள் எல்லோரும் எழும்பட்டும் என்று காத்து நிற்பதுபோல ஒரு கணம் நின்றார். பிறகு நடந்தார். நடு வழியால், எல்லோரும் பார்க்க. கைப்பையைப் பக்கத்தில் இருந்த ஒருத்தியின் மடியில் போட்டுவிட்டு வந்தார். மேடைப் படியில் என் கையைப் பிடித்து, தமிழில், "நானும் பிசோ, நீங்களும் பிசோ" என்றார். கயல்விழியின் தலையில் அறுகரிசி போட்டார். லஹிரு மூக்கை உறிஞ்சினான்.

அந்த இடத்தில் நீர் கல்யாணத்தை முடித்திருக்கலாம், பிள்ளையாரே. இன்னும் கொஞ்சம் பேர் மிச்சம் இருந்தார்கள். ஒரு பெயரும் பிழையாகவில்லை. கடைசியில் தாளில் ஒரே ஒரு பெயர்.

"ஹேரத் முதியன்சேலாகே," என்றேன்.

வீடு வந்துவிட்டது. ஆள் வரவில்லை. வாயைத் திறந்தபடி நிற்கிறேன். மண்டபம் முழுவதும் பார்க்கிறது. மேடையில் நின்ற பிசோ மெனிக்கேயின் முகம் மாறத் தொடங்கியது. வீட்டைக் கூப்பிட்டுவிட்டு அண்ணனை விட்டுவிடப் போகிறார்களா என்ற முகம். நிச்சயத்தன்று பார்த்த அதே முகம். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும், இல்லையென்றால் வந்ததெல்லாம் போய்விடும். அந்தப் பக்கம் அவரைப் பார்த்தேன். ஊன்றுகோலில் சாய்ந்து, ஒன்றும் அவசரமில்லை, ரயில் நிற்கும் என்பதுபோல நின்றார்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது.

"இஞ்சாருங்கோ. நீங்களும் வாங்கோ."

மைக்கில், பிள்ளையாரே.

முதலில் மச்சாள். அவவின் சிரிப்பு விசில்போலக் கிளம்பியது. பிறகு எங்கள் பக்கம் முழுவதும், ஐயர் உட்பட. தவில்காரன் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் அடித்தான், படுபாவி. தம்பி "அக்கா" என்றான், பிறகு "அக்கா" என்றான்.

அவர்கள் பக்கம் திகைத்துப்போய் இருந்தது. பிசோ மெனிக்கே கயல்விழியிடம் குனிந்து கேட்டார். மணவறையில் இருந்தபடியே பிள்ளை மாமியாரின் காதில் சிங்களத்தில் சொன்னாள், எங்கள் ஊரில் ஒரு பெண் யாரை இப்படிக் கூப்பிடுவாள் என்று. பிசோ மெனிக்கே சேலைத் தலைப்பை வாயில் வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் மேடையிலேயே சிரித்தார், மூத்தவர் வாய்விட்டுச் சிரித்ததும் அவர்கள் பக்கமும் அவிழ்ந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. மைக்கைக் கீழே வைத்தார். ஊன்றுகோலை எடுத்தார். கொடிகாமத்தில் எந்த ஆம்பிளை திரும்பிப் பார்த்துச் சொல்வானோ, அதே மாதிரிச் சொன்னார்.

"ஓம், இந்தா வாறன்."

எனக்கு அது வெக்கையால் வந்தது. விரதம் வேறு. காற்றாடி என் பக்கம் சுற்றவேயில்லை. மச்சாளிடமும் அதையே சொன்னேன். "ஓம் ஓம், காத்தாடிதான்," என்றா. பிசோ மெனிக்கே போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, வருகிற ஞாயிறு தயிர்ச் சட்டியோடு தானும் வருவதாகச் சொன்னார். தானும் என்றார். மற்றவர் வருவது முடிந்த விஷயம்போல.

நூற்றெட்டு மோதகம் உமக்குக் கட்டாயம். இரண்டாவது நூற்றெட்டு நான் தரத் தேவையில்லை என்று நினைக்கிறேன், எல்லாப் பெயரும் வரவில்லையே. ஆனாலும் அவிப்பேன். தேங்காய் துருவ வேண்டும். பயறு ஊறப்போட வேண்டும்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது, பிள்ளையாரே. அவர் அறுகரிசி போட்டு இறங்கின பிறகு எங்கள் பக்கத்தில் மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான். அவர் மறுபடி மைக்கை எடுத்தார், நானும் கூப்பிட்டதும் போய்ப் போட்டுவிட்டு வந்தேன், அந்தச் சிரிப்புக்குள் ஒன்றும் காதில் ஏறவில்லை. மங்கையர்க்கரசி என்று அவர் சொல்லவேயில்லை. அவருடைய தகப்பன் தாயைக் கூப்பிட்டதுபோல, "அப்பே எக்கெனா, வாங்கோ" என்றுதான் சொன்னார்.